கரண்டியை மறைத்தவர்கள்

என் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று முடிவானபோது, நான் அவருடைய கண்ணைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ஆபரேஷன் முடிந்து பத்து நாள் எங்கள் வீட்டில் தங்குவார் என்றாள் மனைவி. அந்தப் பத்து நாளும் அவருக்குத் தெரியாமல் எப்படிச் சமைப்பது என்ற கவலைதான் எனக்கு வந்தது.

எங்கள் வீட்டில் சமையல் நான்தான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு புக்கிங் பார்க்கும் ஆபீஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். முதலாளி ஒருநாள் லாரிகளையெல்லாம் விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். மனைவிக்குப் பெரம்பலூரில் அரசாங்க ஆபீசில் வேலை. காலையில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். வேலை போன முதல் மாதம் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தேன். இரண்டாவது மாதம், அவள் அவசரத்தில் வைத்துவிட்டுப் போன ரசத்தைக் குடித்துப் பார்த்து, இதைவிட நான் நன்றாக வைப்பேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

"வைங்களேன், யாரு வேணாம்னா?" என்றாள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு அடக்கம் கிடையாது, உண்மையைச் சொல்கிறேன்: நான் நன்றாகவே சமைப்பேன். ஆனால் இது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. பழைய ஆபீஸ் சகா அடிக்கடி போன் செய்து, "என்ன பண்றீங்கண்ணே?" என்பார். கையில் கரண்டியை வைத்துக்கொண்டே, "சும்மாதான், டீவி பாத்துக்கிட்டிருக்கேன்" என்பேன். எந்த நேரம் கேட்டாலும் இதே பதில் வருவதால், கண்ணை ஒரு தடவை டாக்டரிடம் காட்டச் சொல்லி அவர் எனக்கு அறிவுரை கூறியிருக்கிறார்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால், பழியைச் சினிமா மேல் போடத்தான் தோன்றுகிறது. ஆம்பளை என்றால் யார் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அரியலூர் தியேட்டரில், முதல் வரிசை பெஞ்சில், கழுத்து வலிக்க வலிக்கப் படித்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அந்தக் காலத்தில் ஊரே இரண்டு கட்சி. சண்டை போடும் கதாநாயகனின் கட்சி ஒன்று, அழுது நடிக்கும் கதாநாயகனின் கட்சி இன்னொன்று. நான் சண்டைக் கட்சி. எங்கள் ஆளுக்குச் சிலம்பம் தெரியும், வாள் தெரியும், குதிரை ஓட்டத் தெரியும், கப்பலே ஓட்டுவார். வீட்டில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. ஒரு படத்திலாவது அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுப்பங்கரைக்குள் போகிற ஆண் என்றால் அவன் காமெடியனாக இருப்பான், அல்லது மாறுவேடத்தில் வந்திருப்பான்.

என் மாமனாரும் சண்டைக் கட்சிதான். குரும்பலூர் பக்கம் வெங்காயம் போடுகிறவர். பாதி முகத்துக்கு மீசை. பெண் பார்க்கப் போனபோது என் சம்பளத்தைக் கூட அவர் கேட்கவில்லை. "மாப்ள எந்தக் கட்சி?" என்றார். நான் சொன்னதும் சிரித்து, காபி கொண்டுவரச் சொன்னார். அந்தப் பதிலால்தான் எனக்குக் கல்யாணமே ஆயிற்று என்று இன்று வரை நம்புகிறேன். அப்படிப்பட்ட மனிதர் முன்னால் நான் போய் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

அவர் நிலைமையையும் சொல்ல வேண்டும். அத்தை, அதாவது என் மாமியார், போய் நான்கு வருஷம் ஆயிற்று. அதிலிருந்து மாமா தனியாகத்தான் இருக்கிறார். சாப்பாடு பக்கத்திலேயே இருக்கும் அவர் தம்பி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் வரும். வருகிறபோது வரும். அவர்கள் காட்டு வேலைக்குப் போய்விட்டால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு வரும், சில நாள் நாலரைக்கு. பசிக்கிறது என்று கேட்க மாட்டார். கேஸ் அடுப்பு அங்கேயே இருக்கிறது, ஒரு வெந்நீர் கூட வைத்துக்கொள்ள மாட்டார். இங்கே வந்து இருங்கள் என்று மகள் கூப்பிட்டால், "பொண்ணு வூட்டுல எத்தன நாளு குந்தியிருக்கறது?" என்பார். போன முறை போனபோது இடுப்பு வேட்டி இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்ததைப் பார்த்து, திரும்பி வருகிற பஸ் முழுக்க என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீங்கதான் சமைக்கிறீங்கன்னு சொல்லிட்டா என்ன?" என்று அவள் இப்போது கேட்டாள்.

"உங்கப்பா என்னப் பத்தி என்ன நெனைப்பாரு?"

"சரி, உங்க இஷ்டம். ஆனா என்னால அஞ்சு மணிக்கு எழுந்து நடிக்கல்லாம் முடியாது."

ஆகவே திட்டம் இப்படி ஆனது. அவர் எழுவதற்கு முன் ஐந்து மணிக்கு நான் சமைத்து முடிக்க வேண்டும். ஆறரை மணிக்கு அவள் போய்ச் சமையல் நடக்கிற மாதிரி பாத்திரங்களை உருட்ட வேண்டும். உருட்டுவதை அவள் பிரமாதமாகச் செய்தாள்.

பெரம்பலூரில் ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். குனியக் கூடாது, கசக்கக் கூடாது, புகைப் பக்கம் போகக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது.

"உள்ளேருந்து வர்ற தண்ணிங்க?" என்று கேட்டேன்.

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அழாம பாத்துக்கங்க சார்" என்றார்.

மாமா அழுவாரா என்று எனக்கே சிரிப்பு வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டதிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. காரிலிருந்து இறங்கியவர், நான் கை கொடுத்ததைத் தட்டிவிட்டுத் தானே படியேறினார். கூடவே, வெங்காயம் சேர்த்துவைக்கும் அவருடைய பட்டறையிலிருந்து ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் வந்து இறங்கியது. மகள் வீட்டுக்கு அவர் வெறுங்கையோடு வந்ததில்லை.

முதல் நாள் மதியம் வெங்காயக் குழம்பு. மாமா ஒரு வாய் சாப்பிட்டு நிறுத்தினார்.

"யாரு வெச்சது?"

இங்கேதான் நான் கெட்டேன். "உங்க பொண்ணு" என்பதோடு விட்டிருக்கலாம். லாரி ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் லோடுக்கு லோடு பொய் சொன்ன நாக்கு, கூட இரண்டு சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று பழகிவிட்டது. "உங்க பொண்ணுதான் மாமா. காலங்காத்தால எழுந்து ஒரு கிலோ வெங்காயத்த ஒத்த ஆளா உரிச்சு, கொழம்பு வெச்சுட்டுதான் பஸ் ஏறுனா. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

"அப்படியா?" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் தாளிக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். விரலில் போட்ட கட்டைப் பார்த்து மாமா என்ன என்றார். லாரிக் கதவில் மாட்டிக்கொண்டது என்றேன்.

"லாரிய எல்லாம் வித்தாச்சுன்னாங்களே?"

"அது வேற லாரி மாமா."

அதற்கும் "அப்படியா" என்றார்.

பகல் முழுக்க அவருக்கு டீவிதான். பழைய படம் மட்டுமே போடும் சேனல் ஒன்று இருக்கிறது. அழ வைக்கும் படம் வந்துவிடக் கூடாதே என்று ரிமோட்டை நானே வைத்துக்கொண்டு, சண்டைப் படமாகத் தேடித் தேடிப் போட்டேன். அந்தப் படங்களை இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எங்கள் கட்சி ஆளும் அழுகிறார்! இருபது பேரை ஒற்றைக் கம்பால் அடித்து வீழ்த்துகிறார், வீட்டுக்கு வருகிறார், அம்மா மடியில் விழுந்து குலுங்குகிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதில் இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. அந்த நேரத்தில் முறுக்கு வாங்கப் போயிருப்பேன்.

பார்க்கப் பார்க்க ஒரு கணக்குப் பிடிபட்டது. பழைய படத்தில் ஆம்பளை மூன்று இடத்தில் அழலாம். அம்மா மடி, தங்கச்சி கல்யாணம், சிநேகிதன் பிணம். மனைவிக்காக அழக் கூடாது. மனைவிக்கு என்று வைத்திருப்பது ஓர் அறை. அறை வாங்கியதும் அவள் திருந்திக் காலில் விழுவாள், உடனே பாட்டு வரும். இந்த அறையைப் பார்த்துத் தியேட்டரே விசிலடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த விசிலில் என்னுடையதும் ஒன்று. இப்போது நினைத்தால் கூசுகிறது.

கணக்கு தெரிந்துவிட்டதால் வேலை சுலபமாயிற்று. அம்மா வருவதற்கு முன்னால் எப்படியும் வயலின் வரும். வயலின் கேட்டதும் சேனலை மாற்றினேன். "ஏன் மாப்ள மாத்துறீங்க?" என்று மாமா கேட்டால், விளம்பரம் என்றேன்.

ஆறாம் நாள் நான் சமையலறையில் ரசத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். காலையில் வைத்த ரசத்தைப் பூனை தட்டிவிட்டது, மாமாவோ ரசம் இல்லாமல் சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்க மாட்டார். ஆகவே பட்டப்பகலில், அவர் அடுத்த அறையில் இருக்கும்போதே, கமுக்கமாக அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். ரிமோட் அவர் பக்கத்தில் இருந்தது. வெகு நேரமாக ஹாலில் சண்டைச் சத்தமே இல்லை. சந்தேகம் வந்து கதவருகில் போய் எட்டிப் பார்த்தேன்.

நான் பார்த்திராத படம். கதாநாயகன் மில் தொழிலாளி. மெஷினில் கை மாட்டி வேலை போய்விட்டது. மனைவி டீச்சர் வேலைக்குப் போகிறாள், இவன் வீட்டில் சமைக்கிறான். அப்போது மில் சிநேகிதர்கள் கதவைத் தட்டுகிறார்கள். இவன் அவசரத்தில் குழம்புக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவர்களிடம் பேசுகிறான். கரண்டியிலிருந்து குழம்பு வேட்டியில் வழிகிறது. கறுப்பு வெள்ளைப் படமாதலால் அது கறுப்பாக இறங்குகிறது. என்னப்பா ரத்தம் என்று பதறுகிறான் ஒருவன். ஆமாம், காயம் இன்னும் ஆறவில்லை என்கிறான் இவன். குழம்பு என்று சொல்வதைவிட ரத்தம் என்று சொல்வது அவனுக்குச் சுலபமாக இருக்கிறது.

லாரிக் கதவு எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதுதான் கரண்டி பிடித்த என் வலது கையும் முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் கவனித்தேன். கொதித்த ரசம் கெண்டைக்காலில் சொட்டியது. கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

படம் ஓடியது. சிநேகிதர்கள் போன பிறகு மனைவி வருகிறாள். இவன் சோறு போட்டுவிட்டு உட்காராமல் பக்கத்திலேயே நிற்கிறான். அவள் களைப்பில் பேசாமல் சாப்பிடுகிறாள். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்கிறான். வயலின் கிடையாது, ஒரு சத்தமும் கிடையாது.

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே மாமாவின் கன்னத்தில் தண்ணீர் இறங்கி மீசைக்குள் போனது.

"மாமா! கண்ணு!" என்று கரண்டியோடு பாய்ந்தேன்.

"சும்மா இருங்க மாப்ள" என்றார். கசக்காமல், துண்டின் நுனியால் கன்னத்தை மட்டும் ஒற்றினார். அதில் ஒழுங்காகத்தான் இருந்தார். "இந்தப் படத்த உங்க அத்தையோட பாத்தேன். கண்ணாலம் ஆன புதுசு, பெரம்பலூர்ல. இந்த எடத்துலதான் எந்திரிச்சேன். இவன்லாம் ஒரு ஆம்பளையா, வாடின்னு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். கடைசில என்ன ஆச்சுன்னு தெரியலியேன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. சாவற வரைக்கும் கேட்டா."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இருவரும் கடைசி வரை பார்த்தோம். கடைசி பத்து நிமிஷத்தில் டைரக்டர் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டார். மனைவி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுகிறாள். கோயிலில் கற்பூரம் காட்டும்போது புருஷனின் அடிபட்ட கை குணமாகித் தானாகத் தூக்கிக்கொள்கிறது. அவள் அவன் காலில் விழுந்து, வேலைக்குப் போனது தன் தப்பு என்று அழுது, ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறாள். அவன் சிரித்துக்கொண்டே மில்லுக்குப் போகிறான், அவள் அடுப்பூதுகிறாள். இரண்டு மணி நேரம் தைரியமாக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, முடிவில் பயந்துபோய் எல்லாவற்றையும் பழைய இடத்தில் எடுத்து வைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டை வீசியிருப்பேன்.

மாமா நிதானமாகச் சொன்னார்: "நல்லவேள, அவ இதப் பாக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நாப்பது வருசம் உப்பு சரியா இருக்கான்னு கேட்டா மாப்ள. கொறைஞ்சா கத்துவேன். சரியா இருந்தா ஒரு நாளும் சொன்னதில்ல. சரியா இருக்குன்னா சொல்றதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சேன்."

நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரசம் பொங்குது, போயி பாருங்க" என்றார்.

"உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?"

"மொத நாளே. எம் பொண்ணு ஒரு கிலோ வெங்காயம் உரிச்சான்னீங்களே. பொறந்ததுலேருந்து எங்கூட்டுல அவ ஒரு வெங்காயம் உரிச்சதில்ல. அடிச்சுப் பாத்தோம், பாவாட வாங்கித் தரேன்னு பாத்தோம், அசையல. நீங்க வேற எத சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்."

சாயங்காலம் இதைச் சொன்னபோது என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லக் கூடாதா?" என்றாள். வெங்காய வீட்டுப் பெண்ணுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது என்று நான் எப்படி நினைப்பேன்? இருபத்துநான்கு வருஷக் குடித்தனத்தில் இதைக் கவனிக்காதவன், முதல் நாளே கண்டுபிடித்தவரை ஏமாற்றப் பார்த்திருக்கிறேன்.

மீதி நான்கு நாளும் மாமா சமையலறை வாசலில், புகை எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சும்மா பொழுதுபோக்கு என்றார். நான் கடுகு போட்டால் "எத்தினி?" என்பார். புளி கரைத்தால் "காட்டுங்க" என்பார். பத்தாம் நாள் ஊருக்குக் கிளம்பும்போது, வேறு எங்கோ பார்த்தபடி, "ஒரு சின்ன தாளிப்புக் கரண்டி இருந்தா குடுங்க" என்றார்.

அடுத்த வாரம் போன் வர ஆரம்பித்தது. தம்பி வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். பேசினால் கேட்கும். அதனால் மாமா ஒரு பாஷை கண்டுபிடித்தார்.

"மாப்ள, ஹீரோ என்ட்ரி ஆயிட்டான். பொரியறான். வில்லன எப்ப உள்ள வுடலாம்?"

ஹீரோ வெங்காயம், வில்லன் மிளகாய்த்தூள் என்று பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "பாட்டு முடியட்டும் மாமா, வதங்குனதும் வுடுங்க" என்பேன். ஒருநாள் குரல் உடைந்து, "அம்மா சென்டிமென்ட் ஜாஸ்தியாயிடுச்சு மாப்ள, வாயில வெக்க முடியல" என்றார். உப்பு கூடிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இன்டர்வெல் விடச் சொன்னேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனுக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்குச்சட்டியும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. மாமா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பசிக்கிற நேரத்துக்குத் தான் வைத்ததைச் சாப்பிட்டிருக்கிறார். ஆம்பளை கெத்து கொஞ்சமும் குறையவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போனோம். பட்டறை அருகில் தம்பியும், வெங்காயம் பார்க்க வந்த இரண்டு வியாபாரிகளும் நின்றிருந்தார்கள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. என் மனைவி "அப்பா" என்று கூப்பிட்டதும் மாமா அவசரமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வாசலில் இத்தனை பேரை அவர் எதிர்பார்க்கவில்லை. கையில் கரண்டி இருந்தது.

"என்னண்ணே கையில?" என்றார் தம்பி.

மாமாவின் கை மெல்லப் பின்னால் போவதை நான் பார்த்தேன். முதுகுவரை போய்விட்டது. வேண்டாம் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவர் மகளைப் பார்த்தார். பிறகு கை முன்னால் வந்தது.

"கரண்டி. கொழம்பு வெக்கிறேன். எல்லாரும் வந்து குந்துங்க, சாப்ட்டுட்டு வியாபாரம் பேசலாம்" என்றார். அதோடு நிறுத்தாமல் கரண்டியை என் பக்கம் நீட்டி, "மாப்ளகிட்ட கத்துக்கிட்டது. அவரு வூட்டுல அவருதான் சமையலு. அவருகிட்ட நம்ம பொம்பளைங்க தோத்தாங்க போங்க" என்றார்.

ஆறு கண்கள் என் மேல் திரும்பின. காது சுட்டது. நல்லவேளையாக அந்த நேரத்தில் போன் அடித்தது. பழைய ஆபீஸ் சகா. வழக்கம்போல, "என்ன பண்றீங்கண்ணே?" என்றார். மாமா கேட்டுக்கொண்டே நின்றார். "மாமனார் வூட்டுக்குச் சாப்பிட வந்தேன். வூட்ல இருந்தா இந்நேரம் சமைச்சுக்கிட்டிருப்பேன்" என்றேன். எதிர்ப்பக்கம் அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ரகசியம் பேசுகிற குரலில், "அண்ணே, நானுந்தான்" என்றார்.

உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்தோம். மாமா இலை போட்டுப் பரிமாறினார். குழம்பு கொஞ்சம் கெட்டி, வெங்காயம் மட்டும் பதமாக இருந்தது. தம்பியும் வியாபாரிகளும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். மாமா உட்காராமல் கரண்டியோடு ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்பு சரியா இருக்கா?" என்றார்.

தம்பி வாய் நிறையச் சோற்றோடு இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். வியாபாரிகள் நிமிரவே இல்லை. மாமா யாருக்கும் ஊற்றாமல், சுவரில் மாட்டியிருந்த அத்தையின் போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரியா இருந்தா சரியா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லுங்களேய்யா" என்றார்.

"சரியா இருக்கு மாமா" என்றேன்.